கூடுதல் பொறுப்பு

சோதிக்குப்பம் மையத்துச் சாவியில் நீலக் கயிறு,
இராசாப்பேட்டை மையத்துச் சாவியில் வலைநூல்.
இரண்டும் என் இடுப்பில்.
'அடிஷனல் சார்ஜ்தான், மூணே மாசம், அஞ்சலாட்சி'
என்று இரண்டாவதைக் கையில் கொடுத்தார் மேற்பார்வையாளர்.
அது போன தைக்கு முந்தின தை.

ஆயா கலியம்மா ஓய்வு பெற்ற அன்று
எல்லாரும் சேர்ந்து ஒரு சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தோம்.
பதிவேட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில்
'காலி' என்று எழுதியவள் நான்தான்.
இப்போது அந்தக் காலிதான் சோறு வடிக்கிறது,
கால் கழுவிவிடுகிறது,
அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
சாம்பாரைக் கிளறுகிறது.

பத்தரை மணிக்கு
'கொஞ்சம் பாத்துக்கக்கா' என்று
கிஷோத்தின் அம்மாவிடம் பன்னிரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு
ஐஸ் பெட்டி ஏற்றிப் போகும் ஆட்டோவில் தொற்றிக்கொள்வேன்.
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் சிப்காட் புகைபோக்கிகள்.
மேல்காற்று அடித்தால் நனைந்த மாத்திரை வாசம்.
போய் இறங்கும்போது என்மேல் மத்தி வாசம்.
பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு
'டீச்சர் வந்துட்டாங்க' என்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு கட்டின கட்டடம்.
உள்சுவரில் பின்னால் வந்த ஒரு வெள்ளம்
விட்டுப்போன பழுப்புக் கோடு.
அதை ஒட்டித்தான் பிள்ளைகளை நிறுத்தி உயரம் குறிக்கிறேன்.
இந்த வருஷமும் ஒருத்தரும் கோட்டைத் தொடவில்லை.

காய்கறிக்குக் கைக்காசு போட்டேன்.
மார்ச்சில் வந்துவிடும் என்றார்கள்.
எந்த மார்ச் என்று கேட்காதது என் தப்பு.
சிலிண்டர் தீர்ந்த வாரம் சவுக்கு விறகு,
பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கண்ணைக் கசக்கினேன்.
எனக்குத் தருவதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.
ஊதியத்தையாவது பாஸ்புக்கில் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ வரவில்லை.
நடந்தே போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.
கதவில் பூட்டு.
வாசலில் எட்டுப் பேர், டீச்சர் விளையாட்டு.
தண்ணித்தொட்டிக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

லிதன்யாதான் டீச்சர். நாலு வயசு.
காற்றில் ஒரு சாவியைத் திருப்பினாள்.
ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்து
ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் பிடித்தாள்.
'இங்க பாரு. ஆடாத. கண்ணத் தொற.
ஐயோ, டவர் போச்சு.'
தெருவின் நடுவுக்குப் போய் ஓட்டை வானத்துக்குக் காட்டினாள்,
குதிகாலை உயர்த்தி.
திரும்பி வந்து 'முட்ட நாளைக்கு' என்றாள்.
இல்லாத முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
'சத்தம் போடக் கூடாது, டீச்சர் அந்த சென்டருக்குப் போறேன்'
என்று விறுவிறுவென நடந்தாள்.

பாட்டு இல்லை. கதை இல்லை.
அ, ஆ இல்லை.

விளையாட்டு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
முடியவில்லை.
மற்ற ஏழு பேரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
அது அவர்களுக்கு வந்த பங்கு.
வாயில் விரல் வைக்கிற மிதுன்ராஜ்கூட
விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.
ஒருத்தரும் தப்புச் செய்யவில்லை.

தண்ணித்தொட்டி வரைக்கும் வந்தவள்
என்னைப் பார்த்துவிட்டாள்.
அசரவில்லை.
ஓட்டுத்துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.
'சார்ஜ் இல்ல, டீச்சர்.'

வலைநூல் கட்டின சாவியை எடுத்தேன்.
மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.
சோதிக்குப்பத்தில் இந்நேரம்
உலை பொங்கியிருக்கும்.